பதினொன்றாம் காட்டில் யானை

டச் போர்டை எரிய விட்டுக்கொண்டே துடைக்கக் கூடாது. அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். எரியும்போது துடைத்தால் துணியையும் அது விரல் என்றே எடுத்துக்கொள்ளும். துணி போகும் பக்கம் படங்களும் போகும். இதைப் பெரட்டுக்களத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கொட்டகை அது; மூன்று பக்கம் சுவர் கிடையாது. மூடுபனி உள்ளே வந்து போர்டின் மேல் நீராக இறங்கும். பெண்கள் தலைத்துண்டை அவிழ்த்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கொழுந்து கிள்ளப் போய்விடுவார்கள்.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும் ஜோபி சார். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் புரியும். உங்கள் ஸ்டேஷனில் அடுத்த அறையில் முருகேஸ்வரி உட்கார்ந்திருக்கிறார். நேற்றே வந்துவிட்டாராமே. ஷமீனா டீச்சரை யானை அடித்துக் கொன்றது தன்னால்தான், தான் துடைத்ததில்தான் போர்டில் யானை இடம் மாறியது, தன்னை ஜெயிலில் போடுங்கள் என்கிறாராம். வீட்டுக்குப் போகச் சொல்லி நீங்கள் எல்லோரும் கெஞ்சியும் எழுந்திருக்கவில்லையாம். வலது கையைத் துண்டால் சுற்றி வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? காயம் ஒன்றும் இல்லை. அந்தக் கையால் அவர் இப்போது கொழுந்து கிள்ளுவதில்லை, சோறும் அள்ளுவதில்லை. அவர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நின்றுகொண்டே பேசட்டுமா? கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உங்கள் சுவரில் அந்த எல்லை வரைபடத்தின் ஒரு முனையில் குண்டூசி கழன்று தொங்குகிறது. குத்திவிடுகிறேன். நன்றி.

எஸ்டேட்டுக்கு டச் போர்டு வந்தது என்னால்தான். கம்பெனியில் சமூக நலத்துக்கென்று ஒதுக்கிய பணம் சும்மா கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறைக் கதவு போடலாம் என்றார்கள். நான் வேறு யோசனை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு போர்டு, பெரட்டுக்களத்தில் ஒரு போர்டு. இரண்டிலும் ஒரே படம். இங்கே ஒரு கோடு போட்டால் அங்கே தெரியும். அங்கே ஒரு குறிப்பு ஒட்டினால் இங்கே தெரியும். எஸ்டேட் முழுவதையும் மேலிருந்து டிரோனில் படம் எடுத்து அதில் விரித்தோம். மேனேஜர் வேலையைப் பிரித்துக் காட்டலாம், நான் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தரலாம். மேனேஜருக்குப் பிடித்துப் போனது. பூட்டித் திறக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எதை எங்கே வைப்பது என்பதும் என் கையில்தான் இருந்தது. தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவனின் கையில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

யானைப் படம் என் யோசனை. எங்கள் பக்கம் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் காடு என்போம். ஒன்றாம் காடு, இரண்டாம் காடு என்று நம்பர் உண்டு. எந்தக் காட்டில் யானை நிற்கிறது என்று தெரியாமல் ஆள் அனுப்புவதுதான் எங்களுக்கு எப்போதும் பயம். வாச்சர் அழகுமலை விடிந்ததும் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

“சாரே, மடக்காதன் ஒம்பதுல நிக்கான். ரெண்டு சவுக்க ஒடிச்சுப் போட்டுட்டு, பண்ணையாரு கணக்கா காத ஆட்டிக்கிட்டு நிக்கான். அங்கிட்டு ஆள விட்றாதீங்க.”

நான் பள்ளிக்கூடத்து போர்டில் யானையை எடுத்து ஒன்பதாம் காட்டில் வைப்பேன். ஓடைக்கு அந்தப் பக்கம் பெரட்டுக்களத்தில் அதே நொடியில் அது தெரியும். “ஒம்பது, ஒம்பது” என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்வது பனியில் கேட்கும். அதற்காகவே நான் விடியற்காலையில் பள்ளிக்கூடம் வருவேன். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் டீ குடிப்பேன்.

ஷமீனா டீச்சர் பாலக்காட்டுக்காரர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ் மீடியத்துக்கு ஆள் கிடைக்காமல் தினக்கூலியில் எடுத்தார்கள். அப்பா ஜப்பார் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். டீச்சர் மேல் டிவிஷன் குவார்ட்டர்ஸில் தங்கினார். அவர் பேசும் தமிழைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் முதல் வாரம் முழுவதும் சிரித்தார்கள். வீட்டை அவர் ‘ஊடு’ என்றபோது ஒரு பையன் பெஞ்சிலிருந்து விழுந்தே விட்டான். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவர்மேல் வெறுப்பு எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளலாம்.

அவர் போர்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். அதுதான் தொடக்கம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தான் நடந்து வரும் வழியைப் போர்டில் ஒரு நிறத்தில் வரைய வேண்டும். வரைந்தார்கள். கம்பெனி வரைபடத்தில் இல்லாத குறுக்குப் பாதைகள் எல்லாம் மஞ்சளும் ஊதாவுமாக வந்தன. பெரட்டுக்களத்தில் நிற்கிற அம்மாமார்கள் அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குறிப்பு ஒட்டித் திருத்தினார்கள்: பாலம் இங்கே இல்லை, ஊற்று அங்கே இருக்கிறது. ஒருநாள் நம்பர்கள் மேல் பெயர்கள் ஏறியிருந்தன.

“ஏனுங்க சார், பதினாலாம் காடுன்னா புள்ளைங்களுக்கு என்னங்க தெரியும்? ஊத்துக்காடுன்னாத்தான் தெரியுது. அப்படியே எழுதிப்போட்டனுங்க.”

“நம்பர் கம்பெனி வைத்தது டீச்சர்.”

“கம்பெனி அந்த வழியா நடந்ததே இல்லீங்களே சார்.”

பின் பெஞ்சு வரை சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்று எல்லோரும் போனபிறகு பெயர்களை எல்லாம் ஒரே அளவாக்கி, ஒரே நிறமாக்கி, வரிசையாக வைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் பழையபடி கலைந்துவிட்டது. ஏதாவது ஒன்று கோணலாக இருந்தால் என் விரல் துடிக்கும் சார். சிறுவயதிலிருந்தே அப்படி.

பெரட்டுக்களத்துக்கென்று ஒரு பொது நுழைவு வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். அதுவரை அங்கே உள்ளவர்கள் பார்க்கலாம், குறிப்பு ஒட்டலாம். படங்களை நகர்த்த என் அனுமதி வேண்டும். அவர் மேனேஜரிடம் பேசி அதைத் திறந்துவிட்டார். ‘பெரட்டு’ என்ற பெயரில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லில், யார் வேண்டுமானாலும் எதையும் நகர்த்தலாம். பெண்களுக்கு ஒரு மாலை முழுவதும் சொல்லிக் கொடுத்தார். நானும் போயிருந்தேன். கொழுந்துப் பிசின் ஏறிக் கறுத்த விரல்கள். முதலில் தொடவே கூச்சப்பட்டார்கள். முருகேஸ்வரிதான் முன்னால் வந்து, கண்ணாடியில் நீர் கோத்திருக்கிறதே என்று தலைத்துண்டால் ஒரு இழுப்பு இழுத்தார். ஃபேக்டரிப் படம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது.

“யாத்தே, ஃபேக்டரிய ஆத்துல தள்ளிட்டாளே!”

“கெடக்கட்டும்டி. ஒரு நாளாச்சும் நிறுக்காம விடுவாங்கள்ல.”

“மேனேஜர் உள்ள இருந்தாரா பாருக்கா.”

“அவரு என்னைக்குக்கா உள்ள இருந்தாரு?”

மேனேஜரே அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். எல்லோரும் அப்படிச் சிரித்து நான் எஸ்டேட்டில் பார்த்ததில்லை. துடைக்கும்போது அணைத்துவிட்டுத் துடையுங்கள் என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் எத்தனை பேர் காதில் விழுந்ததோ. இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முருகேஸ்வரி நினைவில் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அழகுமலையின் போன் எனக்கு வருவது நின்றது. அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. முருகேஸ்வரி பெரட்டுக்களத்திலேயே நிற்கிறார். அவரிடம் சொன்னால் அவரே யானையை வைத்துவிட்டு ஆட்களிடம் வாயாலும் சொல்லிவிடுவார். ஒரு கை குறைகிறது. நியாயம்தான். ஒருநாள் வழியில் பார்த்தபோது அழகுமலை சொன்னார், “ஒங்களுக்கு எதுக்கு சாரே விடியக்காலத் தொந்தரவு? நல்லாப் போத்திக்கிட்டுப் படுங்க.” அன்பாகத்தான் சொன்னார்.

நான் படுக்கவில்லை. வழக்கம்போல வந்தேன், பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவும் வந்தேன். போர்டை எரியவிட்டு எதிரே நிற்பேன். பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். திரும்பி வந்து பார்த்தால் யானை வந்திருக்கும். என்னைக் கேட்காமல் வந்திருக்கும். ஓடைக்கு அப்பால் சத்தம் கேட்கும், ஆனால் அது எனக்கான சத்தம் இல்லை. இது உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற எஸ்டேட்டுகளிலும் போர்டு வைக்கப்போகிறார்கள், அங்கே சொல்லிக் கொடுக்க ஷமீனா டீச்சரை அனுப்பப்போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னது அந்த மழைக்காலத்தின் கடைசியில். டீச்சர் என்னிடம் ஓடி வந்தார். “நீங்களும் வாங்க சார். நீங்க இல்லாம எனக்கு என்னங்க தெரியும்?” என்றார். பிள்ளைகளிடம் பேசும் அதே குரல். நான் வாழ்த்துச் சொன்னேன்.

பொது நுழைவு ஆபத்தானது என்பது என் கருத்து. இன்றும் அதுதான் என் கருத்து. யார் வேண்டுமானாலும் யானையை நகர்த்தலாம் என்றால் ஒருநாள் யாராவது தவறாக நகர்த்துவார்கள். அதை மேனேஜரிடம் சொன்னேன். “இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே ராஜசேகர்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

அன்று நல்ல பனி. போர்டில் யானை பதினாலாம் காட்டில், ஊற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சரியான இடம். அழகுமலை பதினாலு என்றுதான் சொன்னார், முருகேஸ்வரி பதினாலில்தான் வைத்தார், பெண்கள் எல்லோரும் பதினாலில்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஆறாம் காட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். இது வரைக்கும் எல்லோருடைய வாக்குமூலமும் உங்களிடம் ஒத்துப்போகும். கடைசியாகக் கொட்டகையை விட்டுப் போகிறவர் முருகேஸ்வரி. போகும்போது போர்டைத் துடைத்துவிட்டுப் போவார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யானை லேசாக அசைந்தது. நகக்கண் அளவு கீழே இறங்கி நின்றது. துடைக்கிறார் என்று தெரிந்தது. பதினாலுக்குள்ளேயேதான் நின்றது, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

நான் என் பெயரிலிருந்து வெளியே வந்து, ‘பெரட்டு’ என்ற பெயரில் உள்ளே போனேன். யானையின் மேல் விரலை வைத்தேன். அவர் தொடங்கிய அசைவை நான் தொடர்ந்தேன் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. பதினொன்றாம் காட்டில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு மறுபடி என் பெயருக்கு வந்தேன். நுழைவைத் திறந்துவிட்டதால் ஒரு பிழை நடந்துவிட்டது, ஒரு பயம் ஏற்பட்டது, இனி மூடிவிடுவோம் என்று எல்லோரும் பேசினால் போதும். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. யாரோ தூரத்தில் யானையைப் பார்த்து ஓடி வருவார்கள், மூச்சு வாங்குவார்கள், திட்டுவார்கள்.

யாரோ என்கிறேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வர இருந்தவர் ஒருவர்தான். பெண்கள் ஆறாம் காட்டில் இருந்தார்கள். இப்படிப் பனி மூடிய நாட்களில் மேல் டிவிஷன் பிள்ளைகள் டிரிப் ஜீப்பில் வருவார்கள். ஜீப்காரர் போர்டு பார்ப்பவர் இல்லை, ஜீப் ரோட்டை விட்டு இறங்குபவரும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதை முதலில் யோசித்துக்கொண்டேன். நான் ஆசிரியன். டீச்சருக்கு ஜீப்பில் இடம் இருக்காது, அவர் நடந்து வருவார். மேல் டிவிஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வழி. ஒன்று ஜீப் ரோடு, பதினொன்றாம் காட்டின் ஓரமாகச் சுற்றி வருவது. இன்னொன்று பதினாலுக்குள் இறங்கும் குறுக்குப் பாதை. குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பும்முன் போனில் போர்டைத் திறந்து யானை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் எந்த வழி என்று முடிவு செய்வார். பிள்ளைகளிடமும் அப்படித்தான் செய்யச் சொல்வார்.

இந்த போர்டில் ஒரு வசதி உண்டு சார். யார் திறந்து பார்த்தாலும், அவர் விரல் வைக்கிற இடத்தில் ஒரு புள்ளியும் பெயரும் மற்றவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ‘ஷமீனா’ என்ற பச்சைப் புள்ளி வந்தது. ஜீப் ரோட்டில் தொடங்கியது. பதினொன்றாம் காட்டுக்குப் பக்கத்தில் யானையைப் பார்த்ததும் நின்றது. திரும்பியது. பிள்ளைகள் வரைந்த மஞ்சள் கோட்டின் மேலே மெதுவாக, பதினாலுக்குள் இறங்கி, ஊற்றைக் கடந்து, பள்ளிக்கூடம் வரை வந்தது. என் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் குறிப்பு ஒட்டினார். “சார், இன்னைக்குக் குறுக்குல வாரனுங்க.”

நான் பதில் எழுதினேன். “சரி டீச்சர்.”

அதன்பிறகு இரண்டு குறிப்புகளையும் எடுத்துவிட்டேன். அவை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

அழகுமலையின் கூச்சல்தான் முதலில் கேட்டது. மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. மறியல் நடந்தது, வனத்துறை வந்தது, நஷ்டஈடு பேசினார்கள். பெரட்டுக்களத்து போர்டின் முன்னால் முருகேஸ்வரி நின்றதை மட்டும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். யானை பதினொன்றில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைப் பார்த்தார். “அண்ணன் பதினாலுன்னுதான் சொன்னாரு. நானும் பதினாலுலதான் வச்சேன். கடைசியில தொடச்சுப்புட்டேனே” என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார். ஃபேக்டரி ஆற்றில் விழுந்த கதை எல்லோருக்கும் நினைவிருந்ததால் யாரும் மறுக்கவும் இல்லை. உங்கள் சைபர் ஆட்கள் பார்த்தபோதும் ‘பெரட்டு’ என்ற பெயரில்தான் யானை நகர்ந்திருந்தது. எந்த போர்டிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜப்பார் பாய் மகளின் சாமான்களை எடுக்க வந்தார். பள்ளிக்கூட வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானுங்களா ராஜசேகர் சாரு? உங்களப் பத்தித்தானுங்க புள்ள எப்பவும் பேசும். அந்த போர்டுல சாரக் கேக்காம ஒரு கோட்டக்கூட அழிக்கமாட்டேன்னு சொல்லுமுங்க.”

உண்மை. யோசித்துப் பார்த்தேன், அவர் நிறைய சேர்த்தார். எதையும் அழித்ததில்லை. ஜப்பார் பாய் கையை விடும்வரை நான் அசையாமல் நின்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார முடியாமல் போனது.

பொது நுழைவை மூடிவிட்டார்கள். அழகுமலையின் போன் மறுபடி எனக்கு வருகிறது. அவர் இப்போது பண்ணையார் கதையெல்லாம் சொல்வதில்லை. நம்பரைச் சொல்லி வைத்துவிடுகிறார். நான் யானையைச் சரியான இடத்தில் வைக்கிறேன், ஒருநாள் தவறியதில்லை. ஆனால் ஓடைக்கு அப்பாலிருந்து சத்தம் வருவதில்லை. அவர்கள் போர்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அழகுமலை இறங்கி வந்து வாயால் சொல்லும்வரை கொட்டகையில் காத்திருக்கிறார்கள். முருகேஸ்வரி வேலைக்கு வராமல் லயத்து வாசலில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். ஒருநாள் நின்று, அது உங்கள் தவறு இல்லை என்று சொன்னேன். “நீங்க நல்லவருங்க சார், அப்பிடித்தான் சொல்லுவீங்க” என்றார்.

அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் வந்தேன். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். யாரும் இதைக் கவனிக்கவில்லையே என்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கவனிக்கவில்லை, சைபர் ஆட்களும் கவனிக்கவில்லை. நீங்களும் இப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது தவறு. அந்தப் பெண்கள் போர்டை மேலிருந்து கீழாகத்தான் இழுப்பார்கள். துடைத்தால் யானை கீழேதான் வரும். பதினொன்று மேலே இருக்கிறது. ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, ஜீப் ரோட்டின் ஓரத்தில் பார்த்ததும் கண்ணில் படுகிற மாதிரி அது நிற்க வேண்டுமென்றால், விரலை எடுக்காமல், வழியில் எதன்மேலும் இடிக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒரு துணியால் அது முடியாது. முருகேஸ்வரியாலும் முடியாது.

எங்கள் எஸ்டேட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.